யுவால்டி: யார் பதில் சொல்வது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

டெக்சாஸுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 2026 ஜனவரியில் யுவால்டி வழக்கில் தீர்ப்பு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். 2022இல் இங்கே யுவால்டி ஊரின் ராப் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று பணியில் இருந்த பள்ளிக் காவலர் அட்ரியன் கொன்சாலஸ் மீது 29 குற்றச்சாட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் அவர் குற்றவாளி இல்லை என்று ஜூரி சொல்லிவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வந்து நின்றவர்கள் 376 போலீஸ்காரர்கள். காத்திருந்தது 77 நிமிடங்கள். கடைசியில் அவர்களில் யாருக்கும் ஒரு தண்டனையும் இல்லை. அலுவலக நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். "பயந்ததுக்காக ஒருத்தனை ஜெயில்ல போட முடியுமா? நீயா இருந்தா உள்ள போயிருப்பியா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மகன் பள்ளியில் லாக்டவுன் பயிற்சி உண்டு, துப்பாக்கியோடு யாராவது வந்தால் ஒளிந்துகொள்ள. விளக்கை அணைத்துவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாத மூலையில் எல்லோரையும் உட்கார வைப்பார்கள். மூச்சுச் சத்தம் கூடக் கேட்கக் கூடாதாம். போன வாரம் தோசை சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "அப்பா, போலீஸ் எவ்வளவு நேரத்துல வருவாங்க?" சீக்கிரம் வந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்தேன். சரியாகத்தான் சொன்னேனா?

ர., டெக்சாஸ்

அன்புள்ள ர.,

உங்கள் நண்பரின் கேள்வி வாயை அடைக்கத்தான் செய்யும். ஆனால் அதில் ஒரு சின்னக் கண்கட்டு வித்தை இருக்கிறது. நீங்களும் நானும் அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. டெக்சாஸ் காவலர்களுக்கான பயிற்சிப் பாடத்திலேயே, அப்பாவிகளின் உயிரைத் தன் பாதுகாப்புக்கு மேலாக வைக்க மனமில்லாதவர் வேறு வேலை பார்ப்பது நல்லது என்று பட்டவர்த்தனமாக எழுதியிருக்கிறது. யுவால்டி பள்ளி நிர்வாகம் அந்தப் பயிற்சியைத் தன் காவலர்களுக்கு நடத்தியது 2022 மார்ச்சில். படுகொலை நடந்தது மே 24.

அந்தப் பாடம் சும்மா வந்ததில்லை. 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் போலீஸ் வெளியே வளைத்து நின்று சிறப்புப் படைக்காகக் காத்திருந்தது. உள்ளே சுடப்பட்ட ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் ரத்தம் வடிந்து இறந்தார். அதற்கப்புறம்தான் அமெரிக்கா முழுக்க விதி மாறியது: முதலில் வந்து சேர்கிறவர், தனியாளாக இருந்தாலும், உள்ளே போக வேண்டும். கொலையை நிறுத்து, பிறகு காயம்பட்டவரைக் காப்பாற்று. யுவால்டியில் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் அந்த ஜூரி தப்பு செய்தது என்று நான் சொல்லமாட்டேன். 376 பேர் சேர்ந்து செய்யத் தவறிய ஒன்றை ஒரே ஒருவர் கழுத்தில் மாட்டி, பன்னிரண்டு பேர் முன்னால் நிறுத்தி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபி என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டபோது கட்டடத்துக்கு வெளியிலேயே நின்ற காவலர் ஸ்காட் பீட்டர்சனையும் 2023இல் ஜூரி விடுவித்தது. "ஒன்றும் செய்யாமல் இருந்தார்" என்பதைக் குற்றமாக நிரூபிப்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் சுலபமில்லை.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வார்த்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நாம் "பொறுப்பேற்க வேண்டும்", "நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதுவோம். நடவடிக்கை என்றால் சஸ்பெண்ட், இல்லாவிட்டால் இடமாற்றம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வேறொரு சொல் அன்றாடம் புழங்குகிறது: பொறுப்புக்கூறல். அது ஏன் அங்கே அன்றாடச் சொல்லானது என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சொல்லில் இருக்கும் "கூறல்" எனக்குப் பிடிக்கும். தண்டனை பிறகு வரட்டும், வராமலும் போகட்டும். என்ன நடந்தது என்று முதலில் வாயைத் திறந்து சொல். யுவால்டியில் இல்லாமல் போனது அதுதான்.

வரிசையாகப் பாருங்கள். மறுநாள் ஆளுநர் கிரெக் ஆபட் மேடையேறி, இன்னும் மோசமாகப் போயிருக்கும், குண்டுச் சத்தத்தை நோக்கி ஓடிய போலீஸ்காரர்களின் வீரத்தால் பல உயிர்கள் தப்பின என்றார். ஓர் ஆசிரியை கதவைத் திறந்தே வைத்துவிட்டார் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். அவர் கதவைச் சாத்தியிருந்தார், அது பூட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பழி சுமந்த அந்த அம்மாவின் அடுத்த சில நாட்களை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள், மாநிலக் காவல்துறைத் தலைவர் ஸ்டீவன் மெக்ரா, காத்திருந்தது தவறான முடிவு என்று ஒப்புக்கொண்டார். ஆளுநர், என்னைத் தவறாக வழிநடத்திவிட்டார்கள் என்று கொதித்தார். ஜூன் 21 அன்று மெக்ரா மாநில செனட் முன்னால் வந்து, படுதோல்வி என்றார். ஆனால் யாருடைய தோல்வி? பள்ளிக் காவல்துறைத் தலைவர் பீட் அரெடொண்டோவுடையது. பள்ளியின் திட்டப்படி பொறுப்பு அதிகாரி அவர்தான். அவரோ, நான் பொறுப்பில் இருப்பதாகவே நினைக்கவில்லை என்றார். வயர்லெஸ்ஸையும் கையோடு கொண்டுபோகவில்லை.

அந்த அரெடொண்டோவிடம் இருந்த படை ஐந்தாறு பேர். அங்கே வந்து நின்றவர்களில் எல்லைக் காவல் படையினர் மட்டும் 149 பேர். மெக்ராவின் ஆட்கள் 91 பேர். மாநிலச் சட்டமன்றக் குழு ஜூலையில் எண்ணிச் சொன்ன கணக்கு இது. குற்றவியல் வழக்கு வந்ததோ பள்ளிக் காவல்துறையைச் சேர்ந்த இரண்டே பேர் மீது: அரெடொண்டோ, கொன்சாலஸ். பழி என்பது தண்ணீர் மாதிரி, பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். அரெடொண்டோ நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அவரைப் பள்ளி வாரியம் ஆகஸ்டில் வேலையை விட்டு நீக்கியது சரிதான். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார், அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த நடைபாதைக் காட்சியை நீங்கள் பார்த்தீர்களா தெரியவில்லை. ஆஸ்டின் நகரத்துப் பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஜூலை 12 அன்று வெளியிட்டன. அரசு கொடுத்ததல்ல, கசிந்தது. குழந்தைகளின் அலறலை நீக்கிவிட்டோம் என்று அதில் ஒரு வரி வரும். நான் முழுவதும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றும். 11:33க்குக் கொலைகாரன் உள்ளே வருகிறான். கழிப்பறையிலிருந்து வரும் ஒரு பையன் மூலையில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுகிறான். மூன்று நிமிடத்தில் போலீஸ் வந்துவிடுகிறது. கதவை நெருங்குகிறார்கள், உள்ளிருந்து குண்டு பாய்கிறது, பின்வாங்கி ஓடுகிறார்கள். அதுவரைக்கும் மனிதர்கள் என்று விட்டுவிடலாம். அப்புறம்தான் தாங்க முடியவில்லை. நடைபாதை நிறைகிறது. தலைக்கவசம், நீளத் துப்பாக்கிகள், குண்டு துளைக்காத கேடயங்கள். முதல் கேடயம் 11:52க்கே வந்துவிட்டது. ஒருவர் சுவரில் மாட்டியிருக்கும் சானிடைசரை அழுத்தி, இரண்டு கையையும் நிதானமாகத் தேய்த்துக்கொள்கிறார்.

அந்த நேரத்தில் 111, 112ஆம் அறைகளுக்குள்ளிருந்து குழந்தைகள் 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். 12:03க்கு முதல் அழைப்பு. எட்டொன்பது பேர் இன்னும் உயிரோடு இருப்பதாக 12:16க்கு ஓர் அழைப்பு சொல்கிறது. வெளியே சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு எந்தச் சாவி என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 111ஆம் அறையின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் தெரிந்த விஷயம். அன்று அந்தக் கதவு பூட்டியே இருந்திருக்காது என்று பிறகு விசாரணைகள் சொல்லின. கைப்பிடியைத் திருகிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 12:21க்கு உள்ளே மறுபடி நான்கு குண்டுகள் வெடிக்கின்றன. அதற்குப் பிறகும் 29 நிமிடம். ஒரு போலீஸ்காரரின் மனைவி அந்த அறைகளில் ஒன்றில் ஆசிரியை. சுடப்பட்டதாக அவரே கணவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். கணவர் முன்னேற முயன்றபோது சக காவலர்களே அவருடைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வெளியே கூட்டிப்போனார்கள். 12:50க்குக் கதவு திறந்தபோது அந்த ஆசிரியைக்கு உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் போய்விட்டது.

நண்பர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கொலைகாரன் உள்ளே சுட்ட சுமார் 142 குண்டுகளில் குறைந்தது 100, முதல் போலீஸ்காரர் உள்ளே வருவதற்கு முன்பே வெடித்துவிட்டன. ஆக, இறந்தவர்களில் பெரும்பாலானவர்களை எந்த வீரனும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் எல்லோரையும் அல்ல. விதிப்படி நடந்திருந்தால் உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று 2024 ஜனவரியில் மத்திய நீதித்துறை அறிக்கையை வெளியிட்டுப் பேசிய அட்டர்னி ஜெனரல் மெரிக் கார்லண்ட் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, யுவால்டி நகராட்சி தானே நியமித்த விசாரணையாளர் வந்து நகரக் காவலர்கள் மேல் தவறில்லை என்று படித்தபோது, பெற்றோர் எழுந்து வெளியே நடந்தார்கள்.

சரி, நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாமே என்பீர்கள். இங்கே சட்டமே ஒரு சுவர். 1999இல் கொலராடோவின் காஸில் ராக் ஊரில், கணவன் நீதிமன்றத் தடையை மீறி மூன்று மகள்களைக் கடத்திவிட்டான் என்று ஒரு தாய் மாலையிலிருந்து போலீஸுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அசையவில்லை. மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். அந்தத் தடையுத்தரவைப் போலீஸ் அமல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்க அரசமைப்புப்படி அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடித்தால் கேள்வி கேட்கலாம், வராமல் இருந்தால் கேட்பது கடினம்.

தேர்தலும் கைகொடுக்கவில்லை. படுகொலை நடந்த அதே 2022 நவம்பரில், யுவால்டி கவுண்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) ஆபட் அதிக ஓட்டு வாங்கினார். மகளை இழந்த ஒரு தாய் அடுத்த ஆண்டு மேயர் தேர்தலில் நின்று தோற்றார்.

ஆகக் கடைசியில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: ஆவணம். அதைக் கொடுக்காமல் இருக்கத்தான் அதிகாரிகள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். கதவைத் திறக்கக் காட்டாத வேகம் கோப்புகளை மூடுவதில் இருந்தது. பத்திரிகைகள் வழக்குப் போட்டு, நகராட்சி தன் பதிவுகளை விட்டது 2024 ஆகஸ்டில். பள்ளியும் கவுண்டியும் விட்டது 2025இல். மூன்று வருடம்! டென்னஸியின் நாஷ்வில்லில் 2023 மார்ச்சில் ஒரு பள்ளியில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். போலீஸ் முதல் அழைப்பு வந்து சுமார் 14 நிமிடத்தில் கொலையாளியை வீழ்த்தியது, காவலர்களின் உடையில் இருந்த கேமராக் காட்சியை மறுநாளே வெளியிட்டது. நன்றாகச் செய்தால் காட்டுவது எளிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுநாளே காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால், யுவால்டியில் அந்த முதல் மேடைப் பேச்சே நடந்திருக்காது. நான் கேட்பேன் என்றால் இதைத்தான் கேட்பேன், பத்து வருடச் சிறையை அல்ல.

யுவால்டிக் குடும்பங்கள் இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டார்கள். வாரியக் கூட்டம் தவறாமல் போய் மைக்கைப் பிடித்தார்கள். ஒரு தந்தை பள்ளி நிர்வாக அலுவலக வாசலிலேயே பத்து நாள் படுத்துக் கிடந்தார். அதற்குப் பிறகுதான், 2022 அக்டோபரில், பள்ளிக் காவல்துறையை நிறுத்தி வைத்தார்கள். அப்போது மேயராக இருந்தவர் பிறகு சட்டமன்றத்துக்குப் போய்க் கொண்டுவந்த மசோதா 2025இல் டெக்சாஸில் சட்டமாகியிருக்கிறது. இப்படிப்பட்ட தாக்குதலுக்கு யார் என்ன செய்வது என்ற திட்டமும் பயிற்சியும் கட்டாயம்.

மகனுக்குச் சொன்னது தப்பில்லை. யுவால்டியில் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டார்கள். அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பள்ளி வாரியக் கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியிருப்பார்கள். போய்ப் பெயர் கொடுங்கள். அன்றைக்கு யார் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாவிட்டால் யார், கட்டடத்துக்குள் வயர்லெஸ் வேலை செய்கிறதா, வகுப்பறைகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் ஒருநாள் போய், மகன் வகுப்புக் கதவு ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்