'குட் மார்னிங் ப்ளோக்' என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண் செவிலியராகச் சேர்ந்து நான்கு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வார்டில் ஆண்களை மேட், ப்ளோக், லட், கய் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நானும் பழகிக்கொள்ளலாம் என்று ஒருநாள் 'குட் மார்னிங் ப்ளோக்' என்றேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எதை யாரிடம் சொல்ல வேண்டும்?"

தம்பி, அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. ப்ளோக் என்பது ஒருவரைப் பற்றிப் பேசும்போது சொல்வது, அவரைக் கூப்பிட உதவாது. "அந்த ஆளு ரொம்ப நல்லவர்" என்போம், "வணக்கம் ஆளு" என்போமா? தம்பி, அண்ணன் என்று ஒரே சொல்லை வைத்தே நாம் கூப்பிடவும் செய்கிறோம், அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசவும் செய்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கே இடறுகிறது.

கய் என்பதும் அப்படித்தான். "நைஸ் கய்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லலாம், தனி ஆளை "ஹலோ கய்" என்று கூப்பிட முடியாது. ஆனால் கூட்டமாக இருந்தால் "ஹாய் கய்ஸ்" சரி, பெண்கள் இருந்தாலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள், சில பெண்களுக்கு அது பிடிக்காது என்பதால் நான் "எவ்ரிஒன்" என்றே சொல்வேன். இந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியுமா? 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் போய்ப் பிடிபட்ட கய் ஃபாக்ஸ். நவம்பர் 5 அன்று எரிக்கும் அவருடைய கொடும்பாவிக்குக் கய் என்று பெயர் வந்தது, பிறகு கந்தலாகத் திரிபவனைக் குறித்தது, அமெரிக்காவில் அதுவே சாதாரணமாக எந்த ஆணையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

கூப்பிடுவதற்கு மேட் போதும். கூட வேலை செய்பவர், பஸ் டிரைவர், கடைக்காரர் என்று யாரிடமும் "சியர்ஸ் மேட்" என்று சொல்லலாம், 'நன்றி நண்பா' என்பது மாதிரி. குரல் உயர்ந்து "லிசன், மேட்" என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அது சண்டைக்கான முன்னுரை, நம் ஊரில் "இங்க பாருங்க தம்பி" என்று இழுப்பார்களே, அது மாதிரி. ப்ரோ, டூட் இரண்டும் உங்கள் வயதுக்காரர்களிடம் மட்டும் இருக்கட்டும், சீனியர் டாக்டரிடம் வேண்டாம்.

லட் என்றால் நம் 'பய'. வட இங்கிலாந்தில் ஐம்பது வயதுக்காரர்கள் கூடித் தண்ணியடிக்கப் போனாலும் 'த லட்ஸ்'தான். பெரியவர் ஒருவர் உங்களை "தேங்க்ஸ், லட்" என்றால் அதில் பிரியம் இருக்கிறது, நீங்கள் அவரைத் திருப்பி அப்படிச் சொல்லாதீர்கள். அங்கே ஆண்களே ஆண்களை "லவ்" என்று கூப்பிடுவதும் உண்டு, அது ஷெஃபீல்டு அமைந்த யார்க்‌ஷர் வழக்கம், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆணைக் குறிக்க 'சேப்' என்றும் ஒரு சொல் உண்டு, அது கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், வியாபாரி என்ற பொருளில் வழங்கிய 'சேப்மேன்' சுருங்கி வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இருபத்தைந்து வயது ஆளையும் நாம் "நம்ம பையன்" என்போம், அதை அப்படியே 'பாய்' என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கறுப்பினச் சக ஊழியரைப் பற்றியோ அவரிடமோ அந்தச் சொல் வாயிலிருந்து வரவே கூடாது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகும் வெள்ளையர்கள் நரைத்த கறுப்பின ஆண்களைக்கூட 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். 1968இல் மெம்ஃபிஸ் நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பிடித்திருந்த அட்டையில் நான்கே சொற்கள்: "ஐ ஆம் எ மேன்". நீங்கள் பாசமாகச் சொன்னாலும், கேட்பவர் காதில் அந்த வலிதான் விழும்.

அப்புறம் நோயாளிகள். எண்பது வயதுப் பெரியவரை நீங்களாக மேட் என்று ஆரம்பிக்க வேண்டாம். முதலில் மிஸ்டர் போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள், உடனே "வாட் வுட் யூ லைக் மீ டு கால் யூ?" என்று கேளுங்கள். அவர் "கென்" என்றால் கென்தான், படுக்கைக்கு மேலே பலகை இருந்தால் அதில் எழுதிவிடுங்கள், அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரும் அப்படியே கூப்பிடுவார்.