ரோபோ சர்ஜரிக்காக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: கணவருக்கு 52 வயது. புகையிலைப் பாக்கு போடுவார். நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. வழக்கமான ஆபரேஷனுக்கு 3.8 லட்சம், ரோபோ என்றால் 6.3 லட்சம் என்கிறார்கள். ஆறு வருடமாக மெடிக்ளைம் இருக்கிறது. 3 லட்சமாக இருந்ததை இரண்டு வருடம் முன்பு 5 லட்சமாக உயர்த்தினோம். பாக்குப் பழக்கத்தைப் படிவத்தில் எழுதவில்லை. மகள் கல்யாணத்துக்குப் போட்ட 4 லட்சம் எஃப்.டி.யை எடுக்கலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: எஃப்.டி. இருக்கட்டும் சகோதரி, முதலில் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். அதில் 'நவீன சிகிச்சைகள்' என்று ஓர் அட்டவணை இருக்கும். ரோபோ அறுவை சிகிச்சையை அடியோடு விலக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் சொன்னது, ஆனால் உச்சவரம்பு வைக்க இடம் கொடுத்தது. உங்கள் பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் என்றும், மொத்த ஆபரேஷன் பில்லுக்கும் பொருந்தும் என்றும் வைத்துக்கொள்வோம். ரோபோவுக்குப் போனால் கம்பெனி தருவது 2.5 லட்சம், உங்கள் கையிலிருந்து 3.8 லட்சம். எஃப்.டி. காலி. பாலிசியில் மிஞ்சும் தொகை பிறகு கதிர்வீச்சுக்கு உதவலாம். டிஸ்சார்ஜ் அன்று கவுன்டரில் அது செல்லாது.

அந்த 5 லட்சத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, தகவலை மறைத்ததாகச் சொல்லி க்ளைமை மறுக்க முடியாது. இந்தப் பாதுகாப்பு பழைய 3 லட்சத்துக்குத்தான். கூட்டிய 2 லட்சத்துக்கு 60 மாதக் கணக்கு உயர்த்திய நாளிலிருந்துதான் ஓடுகிறது. அதற்காக டாக்டரிடம் பழக்கத்தை மறைக்காதீர்கள், சிகிச்சையே கெடும். கேஷ்லெஸ் அனுமதிக் கடிதத்தில் எவ்வளவு தொகை வருகிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

இனி அந்த இரண்டு விரல் விஷயம். வாய் திறக்காதவருக்கு ரோபோதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். வாய் வழியாகச் செய்யும் ரோபோ ஆபரேஷனில் கேமராவும் கருவிகளும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். வாய் சரியாகத் திறக்காததே அதற்குப் பெரிய தடை. சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த வாய்த்திறப்பில் ரோபோ முடியுமா? பாதியில் திறந்த முறைக்கு மாறினால் ரோபோ கட்டணம் பில்லில் நிற்குமா?" மயக்க மருந்துக்கு முன் மூக்கு வழியாக ஸ்கோப் வைத்துச் சுவாசக் குழாய் செலுத்தவோ, கழுத்தில் துளை போடவோ நேரலாம்; அது பேக்கேஜில் அடங்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு ஆஸ்பத்திரியிலும் கருத்துக் கேளுங்கள்; அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் மாதிரி புற்றுநோய்க்கென்றே இருக்கும் இடமானால் நல்லது.

சர்ஜன் தெளிவான மருத்துவக் காரணம் சொன்னால் ஒழிய, அந்தக் கூடுதல் 2.5 லட்சத்தை நான் கொடுக்க மாட்டேன். பணம் பின்னால்தான் அதிகம் தேவைப்படும். கதிர்வீச்சு தாடையை இன்னும் இறுக்கக்கூடும். ஐஸ்கிரீம் குச்சிகளை மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் இடையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறக்கவைக்கும் பயிற்சி மாதக்கணக்கில் போகும். அதுவரை அவர் சம்பளம் வருமா என்பதும் இருக்கிறது.

அப்படியும் பணம் தேவைப்பட்டால் எஃப்.டி.யை உடைக்காமல் அதன்மேல் கடன் கேளுங்கள். பி.எஃப். இருந்தால் மருத்துவ முன்பணம் எடுக்கலாம். பழைய வருமான வரி முறையில் இருந்தால் இந்தச் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. காப்பீட்டில் கிடைத்த தொகை அதில் கழியும். இதையெல்லாம் விசாரிக்கிறேன் என்று ஆபரேஷன் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.