முட்டி போடாத பிள்ளை

அன்புள்ள அக்கா,

என் மகனுக்குப் பத்து மாதம் முடியப்போகிறது. நன்றாக உட்காருகிறான். ஆனால் முட்டி போட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, இன்னொரு காலால் இழுத்து, தரையைத் தேய்த்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறான். குப்புறப் போட்டால் அழுகிறான். தவழாத குழந்தைக்கு மூளையின் இரண்டு பக்கமும் ஒழுங்காக இணையாது, பின்னால் படிப்பு வராது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தினமும் முட்டியைப் பிடித்துவைத்துப் பழக்குகிறேன். வாக்கர் வாங்கலாமா? தவழ எந்த மாதிரி விரிப்பு நல்லது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

‘முட்டியைப் பிடித்துவைத்து’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். மிச்சத்தைப் படிக்க நேரம் பிடித்தது.

என் இளைய மகளும் இப்படித்தான். இடது காலை மடித்துக்கொண்டு, வலது குதிகாலைத் தரையில் குத்தி இழுத்து நகர்வாள். மூத்தவன் எட்டாம் மாதம் முட்டி போட்டவன். அதனால் இவளிடம்தான் ஏதோ குறை என்று நானே முடிவுகட்டினேன். காலையிலும் மாலையிலும் குப்புறக் கிடத்தி, வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, இரண்டு முட்டியையும் மடக்கிப் பிடித்துக்கொள்வேன். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒருநாள் அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குதிகாலைக் குத்தி ஒரு திருப்பு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அந்தச் சின்ன முதுகு இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு குளிப்பாட்டித் துவட்டப் போனாலும் உடம்பை விறைத்துக்கொள்வாள்.

எனவே முதலில் அதை நிறுத்துங்கள். இன்றைக்கே.

நீங்கள் பார்த்த காணொளியின் பேச்சு ஒன்றும் புதிதல்ல. 1960-களில் பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ என்ற இருவர் இதைப் பரப்பினார்கள். தவழும் படியைத் தாண்டிவிட்டால் மூளை ஒழுங்காக அமையாது, விட்ட படிக்குத் திரும்பிப்போனால் சரியாகும் என்பது அவர்கள் கொள்கை. மூளை பாதித்த குழந்தைகளின் தலையையும் கைகால்களையும் பெரியவர்கள் சுற்றிநின்று பிடித்து, தவழ்வதுபோல அசைத்துக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1982-இலும், மறுபடி 1999-இலும் அந்தச் சிகிச்சைக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றும், அது குடும்பங்களின் தலையில் பெரும் சுமையை ஏற்றுகிறது என்றும் அறிக்கை விட்டது. அந்தச் சுமைதான் இன்று கைபேசி வழியாக உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. எனக்குக் கோபம் உங்கள்மேல் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் கொஞ்சம் இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர் சொன்னதை நம்பினீர்கள். எதிரே வீடெல்லாம் சுற்றிவரும் மகனை நம்பவில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. முட்டி போட்டுத் தவழும் வயது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை விரிந்து கிடந்தது. 4.3 சதவீதம் பேர் அப்படித் தவழவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலையே எடுத்துவிட்டது. எடுத்தது சரியா என்று நிபுணர்களுக்குள் சண்டை உண்டு. அது இங்கே வேண்டாம்.

படி என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. அமெரிக்க உளவியலாளர் கேரன் அடால்ஃப் 1990-களில் தவழும் குழந்தைகளைச் சரிவுப் பலகைகளின் விளிம்பில் விட்டுப் பார்த்தார், விழுந்தால் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு. புதிதாகத் தவழ்பவை செங்குத்தான சரிவிலும் தலைகுப்புற இறங்கிவிடும். பல வாரம் பழகியபின் விளிம்பில் நின்று யோசிக்கும், கையால் தொட்டுப் பார்க்கும், பின்வாங்கும். அதே குழந்தை நடக்க ஆரம்பித்ததும், முன்பு தவிர்த்த அதே சரிவில் தயங்காமல் காலை வைத்து விழும். கை கற்றதைக் கால் மறுபடி முதலிலிருந்து கற்கிறது. அப்படியென்றால் எந்தப் படியைத் தாண்டிவிட்டான் என்று பயப்படுகிறீர்கள்?

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. கவிழ்வது, வயிற்றால் நீந்துவது, தவழ்வது, பிடித்து நிற்பது. நீந்துவதிலேயே எத்தனை விதம்! ஒரு பிள்ளை ஒற்றைக் கையால் இழுக்கும், ஒன்று வயிற்றைத் தூக்கித் தூக்கித் தொப்பென்று போடும், ஒன்று முன்னே போக நினைத்துப் பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக் கத்தும். சில பிள்ளைகள் முட்டியே படாமல் கரடிபோல உள்ளங்கையும் பாதமுமாய் ஓடும். பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்துக்குச் சொல்லப்படும் கோலம் என்ன தெரியுமா? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் நிலத்தில் ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடுவது. ஒரு கால் மடங்கியிருப்பதைக் குறையாகப் பார்க்காத கண் அது.

பார்க்க வேண்டியது வேறு. ஒரு பக்கக் கையோ காலோ எப்போதும் சும்மா கிடக்கிறதா? மடித்த காலை மற்ற நேரத்தில் உதைக்கிறானா? உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறதா? செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டானா? இதில் ஒன்று உறுத்தினாலும் உடனே டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லை என்றாலும், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவன் நகர்வதைக் காட்டிவிடுங்கள். தேய்த்து நகரும் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தி நடப்பது வழக்கம். என் மகள் பதினேழாம் மாதம் நடந்தாள்.

வாக்கர் கூடாது. படிக்கட்டில் உருண்டு மண்டை உடைகிற வண்டி அது. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. இதற்குமேல் விவாதம் வேண்டாம்.

விரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழுக்காமல் இருந்தால் எதுவும் போதும். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், குதிகால் தரையில் பிடிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா