பத்துப் பேரும் தூங்கினார்கள்

கேள்வி: காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கிறேன். கல்யாணச் சீர், கடை ஆர்டர் என்று வாரம் முழுவதும் அடுப்படிதான். புதன் வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி முழு இரவு ஜெபம், சனி உபவாச ஜெபம் என்று ஒன்றையும் விடுவதில்லை. போன மாதம் முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிட்டேன். “ஒரு மணி நேரமாவது என்னோடுகூட விழித்திருக்கக்கூடாதா?” என்ற வசனத்தை எடுத்து, எல்லார் முன்பும் ஒரு ஊழியர் என்னைக் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து படுத்தாலே குற்ற உணர்வு. சும்மா இருந்தால் மனசு குத்துவதால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திங்கள் ஆர்டருக்கு மாவு இடிக்க ஆரம்பித்துவிடுகிறேன். உதவிக்கு வரும் இரண்டு அக்காமாரையும் வரச் சொல்லிவிடுவேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். விசுவாசிக்கு ஓய்வு அடுக்குமா?
– ஒரு சகோதரி, காரைக்குடி

பதில்: அடுக்கும், சகோதரி. நீங்கள் இப்போது ஓடுகிற ஓட்டம்தான் அடுக்காது. கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஊழியர் சொன்ன வசனத்துக்கு வருவோம். இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன பேதுரு முதலான சீஷர்களிடம் அவர் சொன்னது அது. அந்த ஊழியர் மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் 40-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டார். அடுத்த வசனத்தையும் வாசித்திருக்க வேண்டும். “விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்” என்று கட்டளையிட்ட ஆண்டவர், அதே மூச்சில் “ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது” என்று தூங்கினவர்களுக்காகப் பரிந்தும் பேசுகிறார். வைத்தியனாகிய லூக்கா இன்னும் ஒன்றைக் கவனித்து எழுதுகிறான்: அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்களாம். களைத்துப்போனவர்களின் நிலையை ஆண்டவர் அறிந்திருந்தார். ஒரு பெண்ணைச் சபை நடுவில் தலைகுனிய வைத்தவர் அதை அறியவில்லை. அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அந்தக் கட்டளை முதலில் யார் காதில் விழுந்ததோ அந்தப் பேதுருவையே பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். கெத்செமனேயில் தூங்கினான், சரி. ஆனால் அவன் விழுந்தது அங்கே இல்லை. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், நெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டு, நன்றாக விழித்திருந்த நிலையில்தான் ஆண்டவரை அறியேன் என்று மூன்றுதரம் மறுதலித்தான். கண் திறந்திருந்தது, உள்ளே பயம் ஏறி உட்கார்ந்ததை அவன் கவனிக்கவில்லை.

அப்புறம் அப்போஸ்தலர் 12-க்குப் போங்கள். ஏரோது ராஜா சீஷனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான். அடுத்தது பேதுருதான், விடிந்தால் வெளியே கொண்டுவரப்போகிறார்கள். அந்த இரவில் சிறைச்சாலையில் இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு சேவகர் நடுவே பேதுரு தூங்குகிறான். தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்றால் எப்பேர்ப்பட்ட தூக்கமாக இருந்திருக்கும்! அதே இரவில் மாற்கு என்னும் யோவானுடைய தாயின் வீட்டில் அநேகர் கூடி ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விழித்திருந்தார்கள், இவன் தூங்கினான். இரண்டையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார்.

இந்தப் பேதுருதான் பிறகு தன் நிருபத்தில், “தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்” என்று எழுதுகிறான். பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போலச் சுற்றித்திரிகிறான் என்கிற அந்த வசனம் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதற்கு முந்தின வசனம் என்ன? “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” முதலில் பாரத்தை இறக்கி வைக்கச் சொல்கிறான், பிறகுதான் விழித்திருக்கச் சொல்கிறான். நீங்கள் பாரத்தையும் சுமந்துகொண்டு, கண்ணையும் மூடாமல் இருக்கப் பார்க்கிறீர்கள்.

பத்துக் கன்னிகைகளின் உவமையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். தீவட்டியோடு மணவாளனுக்குக் காத்திருந்தவர்களில் ஐந்து பேர் எண்ணெய் எடுத்துவைத்த புத்தியுள்ளவர்கள், ஐந்து பேர் எடுத்துவைக்காத புத்தியில்லாதவர்கள். மணவாளன் வரத் தாமதித்தபோது யார் தூங்கினார்கள் என்று நாளைக் காலையில் வேதத்தைத் திறந்து பாருங்கள். “எல்லாரும்” என்று இருக்கும். புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள். அவர்களைத் தூங்கினதற்காக மணவாளன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாத்திரத்தில் எண்ணெய் இருந்ததால் நிம்மதியாகத் தூங்கினார்கள், சத்தம் கேட்டதும் எழுந்து தீவட்டியோடு போனார்கள். இந்த உவமையை முடிக்கும்போதுதான் ஆண்டவர் “விழித்திருங்கள்” என்கிறார். தூக்கத்தை அவர் குற்றமாக எண்ணியிருந்தால் ஐந்து பேரையும் உள்ளே விட்டிருக்க மாட்டார்.

மாற்கு 13-இல் உள்ள இன்னொரு உவமை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். வீட்டு எஜமான் தூரதேசம் போகிறான். அவனவனுக்கு அவனவன் வேலையைக் கொடுத்துவிட்டு, விழித்திருக்கும்படி காவல்காரனுக்குக் கற்பிக்கிறான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போன குடும்பங்களைப் பார்த்த சீமை அல்லவா செட்டிநாடு? கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்றைக்கும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளின் காவல்காரர்கள் திண்ணையில் துண்டை விரித்துப் படுக்கத்தான் செய்கிறார்கள். வீடு யாருடையது, எந்தச் சத்தம் பூனை, எந்தச் சத்தம் ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, விடியும்போது சுருண்டு விழுகிறவரை யாரும் காவலுக்கு வைப்பதில்லை. அந்த உவமையிலேயே சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று இரவு நாலாகப் பிரிந்திருக்கிறது. காவலை முறை மாற்றிப் பார்த்த காலத்து மொழி அது. பேதுருவைக் காக்க ஏரோது வைத்தது வகுப்புக்கு நான்கு பேராக நான்கு வகுப்புகள். ஏரோதுகூடத் தன் சேவகருக்கு முறை வைத்தான். நம் சபைகள் பலவற்றில் அதே பத்துப் பெண்கள்தான் எல்லா ஜெபத்துக்கும்.

முழு இரவு ஜெபத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். ஆண்டவரே இராமுழுதும் மலையில் ஜெபித்தார். அவரே படகில் தலையணை வைத்துத் தூங்கியும் இருக்கிறார், சாப்பிட நேரமில்லாமல் தவித்த சீஷர்களைத் தனியே ஓரிடத்துக்கு அழைத்துப்போய் இளைப்பாறச் சொல்லியும் இருக்கிறார். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுகிற பக்தி எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். அந்த இரண்டு அக்காமார். ஆறு நாளும் உங்களோடு சேர்ந்து தேன்குழல் பிழிந்து, கைமுறுக்கு சுற்றி, மனகோலத்துக்குப் பாகு காய்ச்சியவர்கள். முறுக்கு சுற்றிய விரல்கள் சாயங்காலம் எப்படி விறைத்துப்போகும் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிறும் அவர்களை வரச் சொல்கிறீர்கள், அதுவும் ஆர்டர் நெருக்கத்துக்காக இல்லை, உங்கள் மனசு குத்துகிறது என்பதற்காக. உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை எதற்கு என்று கர்த்தர் காரணம் சொல்கிறார்: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறார். விழிப்பு உங்களுக்குத் தேவைப்பட்ட இடம் இதுதான். வாரந்தோறும் வெள்ளி இரவில் கண்விழித்தும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரின் களைப்பு உங்கள் கண்ணில் படவில்லை. தூக்கம் கெட்டவர்களுக்கு இப்படித்தான் ஆகும். சிடுசிடுப்பு வரும், அடுத்தவர் முகம் தெரியாது, எதைச் செய்தாலும் போதவில்லை என்றே தோன்றும். பிசாசு சுற்றித்திரிவதற்கு இதைவிட வசதியான வீடு வேண்டுமா?

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், அதுவும் இரவெல்லாம் விழித்துவிட்டு, காய்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிற உங்களுக்கு. சாகட்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உங்கள் சரீரத்தையும் கர்த்தர் அப்படித்தான் பார்க்கிறார்.

வெள்ளிக்கிழமைக்குப் போதகரிடம் சங்கிலி ஜெபம் கேளுங்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஆண்களும் வாலிபர்களும் பெயர் கொடுக்கட்டும். உங்களுக்கு முன்னிரவில் ஒரு மணி நேரம் போதும், முடித்துவிட்டுப் போய்ப் படுங்கள். இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை, தூங்குவதுமில்லை. அந்த வேலை உங்களுடையது அல்ல. படுக்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளை ஆண்டவருக்கு முன் திருப்பிப் பாருங்கள். யாரிடம் எரிந்து விழுந்தேன், எந்தப் பயம் என்னை ஓட வைத்தது என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள். போதகர் தயங்கினால் இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள், அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு முதல் அக்காமாருக்கு விடுமுறை, கூலி பிடிக்காமல். திங்கள் ஆர்டர் என்னாவது என்று கேட்பீர்கள். செவ்வாய்க்குத் தருகிறேன் என்று ஆச்சிமாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் கைப்பக்குவம் தெரிந்தவர்கள் ஒரு நாள் காத்திருப்பார்கள்.