பட்டா நிலத்தில் கிராபைட்: ஆய்வு உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பலாமா?

கேள்வி: சிவகங்கை அருகே எனக்கு ஆறு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. போர் போட்டபோது கறுப்பாக, கையில் ஒட்டுகிற கல்தூள் வந்தது. கிராபைட் என்கிறார்கள். “உங்கள் பெயரிலேயே கனிம ஆய்வு உரிமம் வாங்கித் தருகிறேன். பவர் எழுதிக் கொடுங்கள், மூன்று லட்சம் செலவாகும்” என்கிறார் ஒரு தரகர். ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். பவர் கொடுக்கலாமா? வேறு யாராவது உரிமம் எடுத்தால் என் நிலம் போய்விடுமா?

பதில்: பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் வழியே சட்டத்தில் கிடையாது.

1957-ம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டபோதுதான் ‘ஆய்வு உரிமம்’ என்ற புதிய வகை வந்தது (பிரிவு 10பிஏ). கிராபைட், தங்கம், லித்தியம் உட்பட 29 கனிமங்களுக்கு இது பொருந்தும். மனுப் போட்டு வாங்குகிற உரிமம் இல்லை, ஏலத்தில்தான் கிடைக்கும். ஒரு உரிமத்தின் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர் வரை போகலாம். காலம் ஐந்து ஆண்டு, மேலும் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். இந்த உரிமத்துக்கு மத்திய அரசு நடத்தும் முதல் ஏலமே 2025 மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டது, 13 வட்டாரங்களுக்கு (ஏலத்துக்கென எல்லை குறித்த கனிமப் பகுதிகள்). ஆறு ஏக்கருக்குத் தனியாக ஒருவர் வாங்கித் தருகிறேன் என்றால், அவர் குறி உங்கள் பவர் மீதுதான். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் அதிகாரத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் நிலமே கைமாறிவிடும்.

நிலம் என்னுடையது, அடியில் இருப்பதும் என்னுடையதுதானே என்று கேட்பீர்கள். கேரளத்தின் மலபார் பகுதி நில உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், அடிமண் கனிமமும் அவர்களுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது உண்மை. ஆனால் உங்கள் ஊர் பழைய ஜமீன் கிராமமாக இருந்தால் அதை அப்படியே துணைக்கு அழைக்க முடியாது. 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம், மூன்றாம் பிரிவில், சுரங்கம், கனிமம் எல்லாவற்றையும் அரசிடம் சேர்த்துவிட்டது. கனிமம் உங்களுடையதே என்று வைத்துக்கொண்டாலும், உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது. மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதம். ‘சாம்பிள்’ என்று ஒரு டிராக்டர் லோடு கூட வெளியே போக விடாதீர்கள்.

நிலம் போய்விடுமா என்ற பயம்தான் உங்களைத் தரகரிடம் தள்ளியிருக்கிறது. போகாது. ஆய்வு உரிமம் எடுத்தவருக்குக் கிடைப்பது தேடிப் பார்க்கும் உரிமை மட்டுமே. பட்டாவில் பெயர் மாறாது. 1957-ம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் பிரிவு 24ஏ-படி அவர் நிலத்துக்குள் வரலாம். ஆனால் வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய அடைப்புத் தோட்டத்துக்குள்ளோ உங்கள் சம்மதம் இல்லாமல் நுழைய ஏழு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். சேதத்துக்கு இழப்பீடும் தந்தாக வேண்டும். தொகையை முடிவு செய்வது அரசு, அவர் இல்லை. அந்த இழப்பீடு முழுமையாகக் கிடைக்க இப்போதே சான்று சேருங்கள்: அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) பயிர் சரியாக ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள், வரப்பு, மரம், கிணறு, போர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள், போரின் நீர்மட்டத்தையும் குறித்து வையுங்கள். உரிமம் எடுத்தவர் ஆய்வுக்குத் துளை போட்ட பிறகு தண்ணீர் இறங்கினால், முன்பு எவ்வளவு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் சர்வே எண் ஏதாவது ஏல வட்டாரத்துக்குள் வருகிறதா என்று மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது பவர் பதிவாகியிருந்தால், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, தரகருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு வங்கிப் பதிவோ வாட்ஸ்அப் பேச்சோ இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பதினைந்து நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் விடுங்கள். திருப்பித் தரவில்லை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 318-ன் கீழ் மோசடிப் புகார் கொடுக்கலாம்.