பத்து வருடப் பழைய வாட்டர் ஹீட்டர் கடகடவென்று சத்தம் போடுகிறது. மாற்றிவிடலாமா, சரி செய்தால் போதுமா?

சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே பட்பட்டென்று ஆரம்பித்து, போகப்போக உறுமலாக மாறுகிறது. முன்பெல்லாம் இரண்டு பேர் குளிக்கப் போதுமாக இருந்த வெந்நீர் இப்போது ஒருவருக்கே தீர்ந்துவிடுகிறது. இது உப்பு. கிட்டத்தட்ட சந்தேகமே வேண்டாம். உப்பை எடுத்துவிட்டால் சத்தமும் போய்விடும். ஆனால் பத்து வருட ஹீட்டரில் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அது சத்தமே போடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருவது ஆழ்குழாய்த் தண்ணீர். பக்கெட் விளிம்பில் எல்லாம் வெள்ளை கட்டும். அதனால் இந்தச் சத்தத்தோடு எனக்கு நல்ல பழக்கம்.

கடினத் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறினால் அது பிரிந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். இது நேர்மாறு, சூடு கூடக்கூடக் கரைவது குறையும். ஆகவே எங்கே அதிகச் சூடோ அங்கேதான் முதலில் ஒட்டும். ஹீட்டருக்குள் அந்த இடம், தண்ணீரைச் சூடாக்கும் காயில். ஒரு சின்னக் கணக்கு: கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீர் என்று வைத்தால், தினமும் 30 கிராம், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ அந்த டேங்க் வழியாகக் கடந்து போகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும்தான். நூற்றுக்கு ஐந்து பங்கு தங்கினாலே வருடத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல்.

காயிலைச் சுற்றி இப்படி ஓடு கட்டிக்கொண்ட பிறகுதான் சத்தம் ஆரம்பிக்கும். அந்த ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு, அவற்றில் தண்ணீர் ஊறியிருக்கும். செம்பு கடத்துகிற வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்த ஓடு கடத்தாது. டேங்க் தண்ணீர் 50 டிகிரியில் இருக்கும்போதே ஓட்டுக்கு அடியில் சூடு கொதிநிலையைத் தாண்டிவிடும். அங்கே சிக்கிய தண்ணீர் ஆவியாகிக் குமிழாகப் பீறிட்டு வரும். வெளியே இருக்கிற சூடு குறைந்த தண்ணீர் பட்டதும் குமிழ் சட்டென்று அமுங்கி உடையும். ஒவ்வொரு உடைவும் ஒரு ‘பட்’. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் நீங்கள் கேட்கும் உறுமல். காயிலிலிருந்து உதிர்ந்த உப்பு அடியில் மண்டியாகச் சேர்ந்து, காயிலே அதற்குள் பாதி புதைந்திருந்தால் சத்தம் இன்னும் கூடும். இந்தச் சத்தத்தைக் கேட்டு டேங்க் வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வெடிப்பதற்குக் காரணம் வேறு.

எல்லாச் சத்தமும் உப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழாயை மூடிய நொடியில் சுவருக்குள் ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால், அது வேகமாக ஓடி வந்த தண்ணீர் திடீரென்று நிற்பதால் வருவது. ஹீட்டருக்குச் சம்பந்தமில்லை, குழாயை கிளாம்ப் போட்டு இறுக்கினாலே பாதி குறையும். டிக் டிக் என்று நிதானமாகக் கேட்டால் குழாயும் தகடும் சூட்டில் விரிகின்றன, விட்டுவிடலாம். கீச்சென்று விசில் அடித்தால் ஏதோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது அல்லது உப்பு அடைத்திருக்கிறது. சுவிட்ச் பக்கத்திலோ ஒயர் இணைப்பிலோ ‘சர்’ரென்று பொரிகிற சத்தம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். 2000 வாட் காயில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அங்கே உருக ஆரம்பித்துவிடும்.

உப்பு படிந்தால் கரன்ட் பில் எகிறிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மின்சார ஹீட்டரில் அதை நான் முழுசாக நம்புவதில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அது தருகிற சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கே போகும்? அடிபடுவது காயில்தான். சூட்டை வெளியே தள்ள முடியாமல் தானே அளவுக்கு மீறிக் காய்ந்து, ஒருநாள் வெடித்துப் பிளக்கும். வெந்நீர் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கும் இதே உப்புதான் காரணம். போதுமான சூடு வந்ததும் கரன்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கும் குழல்மேலும் உப்பு மூடிவிடுவதால், பக்கத்திலிருக்கும் காயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, டேங்க் முழுக்கச் சூடாவதற்கு முன்னாலேயே கட் ஆகிவிடும். மண்டி பிடித்துக்கொண்ட இடத்தில் தண்ணீர் நிற்காது என்பது தனிக் கணக்கு. கேஸில் எரியும் டேங்க் என்றால் கதை வேறு: தீ அடியிலிருந்து எரிகிறது, நடுவில் உப்பு மறித்தால் சூடு புகைபோக்கி வழியாக வீணாகப் போகும், அங்கே செலவு நிஜமாகவே கூடும்.

எங்கள் ஹீட்டர் இப்படி உறுமத் தொடங்கியபோது முதலில் வந்து பார்த்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. “சார், இதெல்லாம் ரிப்பேர் பண்ணி பிரயோஜனமில்ல, புதுசு போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் டேங்க்கின் உடம்பில் காதை வைத்துக் கேட்டார். “வயசு ஆகல தம்பி, உப்பு ஏறியிருக்கு. திறந்து பார்த்துட்டுப் பேசுவோம்” என்றார்.

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்தோம். இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. சுவரில் மாட்டும் டேங்க்கில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் டேங்க் காலியாகாது. வெந்நீர் போகும் குழல் உள்ளே உச்சிவரை நீண்டிருக்கும், மேலே இருக்கும் தண்ணீரைத்தான் அது எடுக்கும். உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, காற்று நுழைவதற்காக வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, குளிர்ந்த நீர் வரும் பக்கத்தைக் கழற்றி அது வழியாகத்தான் இறக்க வேண்டும். இது தெரியாமல் போல்ட்டைக் கழற்றினால் டேங்க் தண்ணீர் முழுக்க உங்கள் தலையில்.

அடித்தட்டைக் கழற்றியதும் காயில் தானாக வெளியே வரவில்லை. அசைத்து அசைத்து இழுக்க வேண்டியிருந்தது. விரல் தடிமனில் இருக்க வேண்டிய வளையம் மணிக்கட்டு அளவுக்கு வீங்கியிருந்தது; வளையங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. பழைய சுவரில் காரை பெயர்வது போலத் தட்டுத்தட்டாக விழுந்தது. உட்பக்கம் பழுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை. டேங்க்குக்குள் கையை விட்டு வழித்தால் நொறுங்கிய சில்லுகள் பக்கெட்டில் சலசலவென்று கொட்டின. ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட அண்ணன் விடவில்லை. டேங்க்கின் உட்புறம் கண்ணாடி மாதிரி எனாமல் பூச்சு, ஒரு கீறல் விழுந்தால் அங்கே துரு பிடிக்கும். காயிலை சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான நீரில், இணைப்பு முனைகள் நனையாமல், ஊறப் போட்டார். நுரைத்துப் பொங்கியது. வினிகரும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உப்போடு சேர்த்து உலோகத்தையும் அரித்துவிடும். எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

திரும்ப மாட்டும்போது, அடித்தட்டின் விளிம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் பழைய ரப்பர் கேஸ்கெட்டையே போடச் சொல்லாதீர்கள். டேங்க் நிறைந்து, வெந்நீர்க் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச். காலி டேங்க்கில் கரன்ட் கொடுத்தால் புதுக் காயில்கூடச் சில நிமிடம் தாங்காது.

இப்போது அந்தச் சத்தம் போடாத சமாச்சாரம். காயில் இருக்கும் அதே தட்டில், அல்லது தனியாக, ஒரு மெக்னீசியம் கம்பி திருகியிருக்கும். ஆனோடு ராடு என்பார்கள். டேங்க் இரும்பு, அதன்மேல் எனாமல்; பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது ஊசி முனை அளவுக்கு விடுபட்டிருக்கும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் உலோகம். அதனால் அரிப்பையெல்லாம் அது வாங்கிக்கொண்டு தான் கரையும், இரும்பு தப்பிக்கும். கம்பி தீர்ந்த மறுநாளிலிருந்து டேங்க்கின் முறை. எங்களுடையதில் நடுவிலிருக்கும் இரும்பு நரம்பு மட்டும் வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதில் இரண்டு மூன்று இடத்தில் திட்டாகச் சாம்பல் நிற மிச்சம். நல்லவேளை, டேங்க்கில் இன்னும் ஓட்டை விழவில்லை.

என்னைக் கேட்டால் ஒரு ஹீட்டரின் உண்மையான வயது இந்தக் கம்பியில்தான் இருக்கிறது. காயில், தெர்மோஸ்டாட், கேஸ்கெட், வால்வு எல்லாமே மாற்றக்கூடியவை. டேங்க்கை மாற்ற முடியாது. வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடத்தில் கம்பியை மாற்றிவிட்டால் டேங்க் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சத்தம் வந்தால்தான் நாம் ஆளைக் கூப்பிடுகிறோம். துருவுக்கு வாய் கிடையாதே. (வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தண்ணீரில் இருக்கும் சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் மெக்னீசியமும் சேர்ந்து செய்யும் வேலை அது. அலுமினியம், துத்தநாகம் கலந்த கம்பி போட்டால் பெரும்பாலும் நிற்கும். கம்பியே இல்லாமல் விட்டுவிடுவது தீர்வு இல்லை.)

ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாமல், தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். குழாய் இணைப்பில் சொட்டினால் வாஷர். அடித்தட்டின் விளிம்பில் என்றால் கேஸ்கெட். வெளி உறைக்குள்ளிருந்து, எங்கிருந்து என்றே தெரியாமல், துருக்கறையோடு இறங்குகிறதா, வெந்நீர் மட்டும் பழுப்பாக வருகிறதா? பெரும்பாலும் டேங்க் போய்விட்டது. பற்றவைப்பு, எம்-சீல் எதுவும் நிற்காது. அப்போது புதிது வாங்குவதுதான் வழி.

பாதுகாப்பு வால்வில் சொட்டினால் அவசரப்பட வேண்டாம். 25 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். திரும்பிப் போக வழியில்லாத அமைப்பில் அந்தக் கூடுதல் தண்ணீர் வால்வு வழியாகச் சொட்டத்தான் செய்யும். சூடாகாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். எரிச்சலில் அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். நான் மேலே வெடிப்பதற்கு வேறு காரணம் என்று சொன்னது இதைத்தான்: தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கட் ஆகாமல், மேற்கொண்டு காப்பாற்றும் கட் அவுட்டும் வேலை செய்யாமல், வால்வும் அடைபட்டிருந்தால் டேங்க் உண்மையிலேயே குண்டுதான். தண்ணீர் ஆவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரியும்.

குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்றால், அல்லது ஹீட்டரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்தால், காயில் உறை பிளந்து கரன்ட் தண்ணீருக்குள் வருகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே நிறுத்துங்கள். அந்த பாதுகாப்பு சுவிட்சை பைபாஸ் செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கேஸ் ஹீட்டர் என்றால் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக, கரி படிய எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூடிய குளியலறையில் ஆளைக் கொன்றுவிடும். அப்போது உப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகு தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேலே போனால் உப்பு வேகமாகப் படியும். ரொம்பக் குறைத்து 40, 45 என்று எப்போதும் வைத்திருந்தால், வெதுவெதுப்பில் வளரும் லெஜியோனெல்லா கிருமிக்கு டேங்க் வசதியான வீடாகிவிடும். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும் என்பதால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தண்ணீர் கலந்துதான் விட வேண்டும். தண்ணீர் மிகவும் கடினம் என்றால் மென்னீராக்கும் கருவி வைக்கலாம், உப்பு நன்றாகக் குறையும். ஆனோடு கம்பி மட்டும் சீக்கிரம் கரையக்கூடும் என்பதால் இன்னும் அடிக்கடி பாருங்கள்.

ஒருவேளை திறந்து பார்த்ததில் டேங்க்கே போயிருந்து, புதிது மாட்டுவதாக இருந்தால், மாட்டுபவரிடம் அடியில் கம்பியின் நீளத்துக்கு இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள். கீழே அலமாரியோ குழாயோ முட்டிக்கொண்டிருந்தால் பிற்பாடு காயிலையும் கம்பியையும் கழற்ற டேங்க்கையே சுவரிலிருந்து இறக்க வேண்டிவரும். அந்த வேலைக்கு அஞ்சியே யாரும் கம்பியைத் தொடுவதில்லை.