கொடுவா துண்டு போடும்போது சதை பிளக்கிறதா?

தம்பி, திருகோணமலைக் கொட்டியாரக் குடாவில் கூட்டில் வளர்க்கும் கொடுவா மீன் பிடித்துக் கொஞ்ச நேரத்திலேயே விறைக்கிறது, துண்டு போட்டால் சதை பிளக்கிறது, நிலாவெளி ஹோட்டல்காரர் திருப்பி அனுப்புகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஐஸைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில்தான்.

வலையை ஒரேயடியாக ஒடுக்கினால் மீன் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துடிக்கும். அந்தத் துடிப்பில் தசையில் சேமித்திருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாகிறது, தசை தளரத் தேவையான சக்தியைத் தரும் ஏடிபி என்ற பொருளும் தீர்கிறது. அதனால்தான் விறைப்பு வேளைக்கே, இறுக்கமாக வருகிறது. தசை அடுக்குகளைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய சவ்வு அறுந்து, சதை வாய் பிளக்கிறது. தண்ணீரும் கசியும்.

நான் முதல் நாளே தீனை நிறுத்திவிடுவேன். விடியப்புறம், தண்ணீர் சூடேற முன், வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்குவேன். அள்ளியதும் ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரே அடி, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, ஐஸ் கலந்த தண்ணீருக்குள். சரி, ஆள்கூலி கொஞ்சம் கூடும்தான். ஆனால் தோணித் தளத்தில் துடித்துத் தானாகச் சாகட்டும் என்று விடுவது மீனுக்கும் பாவம், காசுக்கும் நட்டம்.

பிறகு, விறைத்த மீனைப் பெட்டிக்குள் அடக்க வளைக்காதீர்கள். விறைப்பு விட்டபின் துண்டு போடும்படி ஹோட்டல்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.